வீடு தேடி வந்த ஓவியங்கள்



எங்கள் ஊர் வட்டக்கானல். கொடைக்கானலுக்குப் பக்கத்தில், மலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு ஊர். வெயில் அடிக்கும்போது கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி வரை தெரியும். மேகம் இறங்கிவிட்டாலோ எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியாது. அப்படி மேகம் இறங்கிய ஒரு மாலை நேரத்தில் இங்குள்ள டீக்கடையில் ஒதுங்கி நின்றேன். என்னோடு நாலைந்து பள்ளிப் பிள்ளைகளும் நின்றார்கள்.

கடைச் சுவரில் பழைய காலண்டர் ஒன்று தொங்கியது. தேதித் தாள்கள் எல்லாம் எப்போதோ கிழிந்து போய்விட்டன. படம் மட்டும் மிச்சம். தாமரைப் பூவின் மேல் நிற்கும் லட்சுமி படம். அடுப்புப் புகை பட்டு ஓரமெல்லாம் பழுப்பேறி இருந்தது. கடைக்காரர் அதற்கு அன்றாடம் ஒரு பூ வைப்பார்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு மெதுவாக என்னிடம், லட்சுமியை நேரில் பார்த்து இதை வரைந்தது யார் டீச்சர் என்று கேட்டாள். மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வயது வரை எனக்கே தோன்றாத கேள்வி அது!

லட்சுமி இப்படித்தான் இருப்பாள், சரஸ்வதி இப்படித்தான் இருப்பாள் என்று நாம் எல்லோரும் மனத்தில் ஓர் உருவம் வைத்திருக்கிறோம் அல்லவா? அந்த உருவம் நம் மனத்துக்குள் வர முக்கியக் காரணமாக இருந்தவர் ஒருவர். அவர்தான் ஓவியர் ராஜா ரவிவர்மா. அன்று மேகம் கலையும் வரை அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையை இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

கரித்துண்டும் வெள்ளைச் சுவரும்

கேரளத்தில், திருவனந்தபுரத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் கிளிமானூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஓர் அரண்மனை உண்டு. திருவிதாங்கூர் மன்னர் குடும்பத்தோடு கொள்வினை கொடுப்பினை உள்ள குடும்பம் அதில் வாழ்ந்தது. அந்தக் குடும்பத்தில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி ரவிவர்மா பிறந்தார். அப்பா சமஸ்கிருத அறிஞர். அம்மா கவிதை எழுதுவார். மாமா ராஜராஜவர்மா தஞ்சாவூர் பாணியில் ஓவியம் வரைவார்.

அரண்மனை என்றால் சுவர்களுக்குப் பஞ்சமில்லையே! சிறுவன் ரவிவர்மா கையில் ஒரு கரித்துண்டு கிடைத்தால் போதும். வெள்ளையடித்த சுவரெல்லாம் யானை, குதிரை, மாடு, மனிதர்கள் என்று நிரம்பிவிடும். சுத்தம் செய்யும் வேலைக்காரர்களுக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் மாமா அந்தக் கிறுக்கல்களை நின்று பார்த்தார். கோடுகளில் உயிர் இருந்தது. அடிக்க ஓங்க வேண்டிய கை, பிள்ளையைத் தட்டிக் கொடுத்தது. தனக்குத் தெரிந்த ஓவியப் பாடங்களை அவரே மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஒரு நாள் மாமா வரைந்து பாதியில் விட்டுப் போன படத்தில், சிறுவன் ஒரு பறவையை வரைந்து முடித்து வைத்ததாகவும், மாமா அதைப் பார்த்து வியந்ததாகவும் அந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள்.

1862ஆம் ஆண்டு மாமா அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றார். ரவிவர்மாவுக்கு அப்போது வயது 14. உங்களில் பெரியவர்களாக இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ஆயில்யம் திருநாள் மகாராஜா. பையனின் படங்களைப் பார்த்து மகிழ்ந்து, தலைநகரிலேயே தங்கி ஓவியம் கற்க ஏற்பாடு செய்தார். தம்மிடம் இருந்த ஐரோப்பிய ஓவியப் புத்தகங்களையும் பார்க்கக் கொடுத்தார்.

திறக்காத கதவு

இங்கேதான் பெரிய சிக்கல் வந்தது.

அந்தக் காலத்தில் நம் ஓவியர்கள் இலை, பூ, மரப்பட்டை, மண் ஆகியவற்றிலிருந்து தாங்களே நிறம் தயாரித்துக் கொள்வார்கள். ஐரோப்பாவிலிருந்து அப்போதுதான் எண்ணெய் வண்ணம் வந்து சேர்ந்திருந்தது. வண்ணப் பொடியை எண்ணெயில் குழைத்துத் துணியின் மேல் தீட்டுவது அந்த முறை. அது உடனே காயாது. அதனால் வண்ணங்களை ஒன்றோடு ஒன்று இழைத்து இழைத்து, தோலின் மினுமினுப்பையும் பட்டின் பளபளப்பையும் அப்படியே கொண்டு வரலாம். ஆனால் அதை இங்கே தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

அவர்களில் ஒருவர் அரண்மனை ஓவியரான ராமசாமி நாயக்கர். நம் மதுரைப் பக்கத்திலிருந்து போனவர். ரவிவர்மா அவரிடம் போய்க் கற்றுத் தரும்படி வேண்டினார். அவர் மறுத்துவிட்டார். இந்தப் பையன் கற்றுக்கொண்டால் நாளைக்குத் தன் இடத்துக்கே வந்துவிடுவான் என்று அவருக்குப் பயம். அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. அந்த வித்தைதான் அவருக்குச் சோறு போட்டது. ஆனால் பூட்டி வைத்த வித்தை யாருக்குப் பயன்படும்?

நாயக்கரிடம் ஆறுமுகம் பிள்ளை என்ற சீடர் இருந்தார். பையனின் ஆர்வத்தைப் பார்த்து அவர் மனம் இளகியது. குருவுக்குத் தெரியாமல் இரவு நேரத்தில் வந்து, தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். குருவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? தெரிந்தே அந்தத் துணிவைச் செய்தார். வரலாற்றில் ஆறுமுகம் பிள்ளையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நான் மட்டும் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் பெயரை மறக்காமல் சொல்வேன். நானும் ஓர் ஆசிரியை அல்லவா?

1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவப்படம் வரையத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் பாடம் சொல்லித் தர ஒப்பவில்லை. மகாராஜா கேட்டுக்கொண்டதால், தான் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் இசைந்தார். ரவிவர்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. தூரிகையை எப்படிப் பிடிக்கிறார், எந்த நிறத்தோடு எந்த நிறத்தைக் குழைக்கிறார், எதை முதலில் தீட்டுகிறார், எதைக் கடைசியில் தீட்டுகிறார் என்று கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு தன் அறைக்கு வந்து செய்து பார்த்தார். கெட்டுப் போனது. மறுபடியும் செய்தார். அதுவும் கெட்டது. சில ஆண்டுகள் இப்படியே போயின. சொல்லித் தர ஆள் இல்லாத பாடத்தை அவர் தோல்விகளிடமே கற்றுக்கொண்டார்.

பதக்கங்கள் வந்தன

1870இல் ரவிவர்மா கர்நாடகத்தில் உள்ள கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குப் போய் வழிபட்டார். திரும்பும் வழியில் கோழிக்கோட்டில் ஒரு நீதிபதியின் குடும்பத்தைப் படமாக வரைந்தார். அவர் பணம் பெற்றுக்கொண்டு வரைந்த முதல் படம் அதுதான். உயர்குடியில் பிறந்தவர்கள் படம் வரைந்து கூலி வாங்குவதைப் பலர் கேவலமாக நினைத்த காலம் அது. ரவிவர்மா அப்படி நினைக்கவில்லை. உழைப்புக்குக் கூலி வாங்குவதில் என்ன வெட்கம்?

1873இல் சென்னையில் ஓர் ஓவியக் கண்காட்சி நடந்தது. ஐரோப்பிய ஓவியர்களும் அதில் கலந்துகொண்டார்கள். தலையில் மல்லிகைச் சரம் சூடிக்கொள்ளும் நாயர் பெண்ணை வரைந்து ரவிவர்மா அனுப்பியிருந்தார். ஆளுநரின் தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. அதே படம் ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் நடந்த உலகக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு சென்னையில் மறுபடியும் தங்கப் பதக்கம். இந்த முறை அவர் வரைந்தது, ஸ்வரபத் என்ற நரம்பு வாத்தியத்தை வாசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை!

1876இல் துஷ்யந்தனுக்குத் தாமரை இலையில் கடிதம் எழுதும் சகுந்தலையை வரைந்தார். சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன் அதை விலைக்கு வாங்கினார். மோனியர் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர், தாம் மொழிபெயர்த்த சாகுந்தல நாடகப் புத்தகத்தில் அந்தப் படத்தைச் சேர்த்துக்கொண்டார்.

வயது 28. பேரும் புகழும் வந்துவிட்டன. கதை இதோடு முடிந்திருந்தால் இன்று நம் டீக்கடைச் சுவரில் லட்சுமி இருந்திருக்க மாட்டாள். இனிமேல்தான் கஷ்டமும் சாதனையும் சேர்ந்தே வருகின்றன.

ரயில் பெட்டியில் ஒரு வாழ்க்கை

1880இல் ஆயில்யம் திருநாள் மகாராஜா காலமானார். அடுத்து வந்த மகாராஜாவுக்கும் ரவிவர்மாவுக்கும் மனக்கசப்பு ஏற்பட்டது. தலைநகரில் இருக்கப் பிடிக்காமல் அவர் வெளியேறினார். அப்போது கைகொடுத்தவர் டி. மாதவராவ். கும்பகோணத்தில் பிறந்தவர். திருவிதாங்கூரில் திவானாக, அதாவது முதல் அமைச்சர் போன்ற பதவியில் இருந்துவிட்டு, பிறகு குஜராத்தில் உள்ள பரோடாவுக்குத் திவானாகப் போனவர். அவருடைய முயற்சியால் 1881இல் பரோடா மன்னர் சாயாஜிராவின் முடிசூட்டு விழாச் சமயத்தில் ரவிவர்மா அங்கே சென்று படங்கள் வரைந்தார். அதன் பிறகு மைசூர், பம்பாய், உதயப்பூர் என்று ஊர் ஊராக ரயிலில் போய் வரைவதே அவர் வாழ்க்கை ஆயிற்று.

போகும் இடமெல்லாம் கூடவே போனவர் அவருடைய தம்பி சி. ராஜராஜவர்மா. அண்ணனைவிட 12 வயது இளையவர். அவரும் நல்ல ஓவியர். மலை, நீர்நிலை, வானம் ஆகியவற்றை வரைவதில் தேர்ந்தவர். அண்ணன் படங்களுக்குப் பின்னணி தீட்டிக் கொடுப்பார். வரவு செலவு, கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் அவரே கவனித்துக்கொண்டார். தினமும் நாட்குறிப்பும் எழுதினார். ரவிவர்மாவின் பிற்கால வாழ்க்கையைப் பற்றி நமக்கு இவ்வளவு விவரம் தெரிவதற்கு அந்த நாட்குறிப்பும் ஒரு காரணம்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் வின்சென்ட் வான்கா என்று ஓர் ஓவியர் வாழ்ந்தார். அவருக்கும் தியோ என்று ஒரு தம்பி. தம்பி அனுப்பிய பணத்தில்தான் அண்ணன் வண்ணமும் துணியும் வாங்கி வரைந்தார். ரவிவர்மா உயிரோடு இருக்கும்போதே புகழ் பெற்றார். வான்காவோ வறுமையிலும் மனநோயிலும் வாடி, புகழைக் காணாமலே 1890இல் 37 வயதில் இறந்துபோனார். இரண்டு பேர் கதையும் வேறு வேறு. ஆனாலும் ஒவ்வொரு அண்ணனுக்குப் பின்னாலும் ஒரு தம்பி நின்றிருக்கிறார் பாருங்கள்.

வீட்டில் காத்திருந்தவர்கள்

ஊர் ஊராகப் போனவரின் வீட்டில் என்ன நடந்தது? அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரவிவர்மாவுக்கு 1866இல், 18 வயதில் திருமணம் நடந்தது. மணமகள் மாவேலிக்கரை அரச குடும்பத்தைச் சேர்ந்த பாகீரதி பாய். அவருக்கு வயது 12தான். அந்தக் காலத்தில் அப்படிச் செய்தார்கள். இன்று அது சட்டப்படி குற்றம். அங்கே அப்போது இருந்த மருமக்கள் வழி முறைப்படி, திருமணம் ஆன பிறகும் பெண்கள் தாய் வீட்டிலேயே இருப்பார்கள். பாகீரதி மாவேலிக்கரையில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். ரவிவர்மா எப்போதாவது வருவார். சில நாள் இருப்பார். மறுபடியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். 1891இல் பாகீரதி இளம் வயதிலேயே இறந்துபோனார். நாடு முழுவதும் உள்ள பெண்களின் முகத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்து வரைந்தவர், தன் வீட்டில் இருந்தவரோடு வாழ்ந்த நாள்கள் மிகக் குறைவு. பெரிய மனிதர்களின் வாழ்க்கையில் இப்படியும் ஒரு பக்கம் உண்டு. அதை மறைத்துவிட்டுப் புகழை மட்டும் சொன்னால் கதை பாதிதான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ரவிவர்மாவின் தங்கை மங்கள பாய். அவரும் ஓவியர்தான். அண்ணனின் உருவத்தை அழகாக வரைந்திருக்கிறார். ஆனால் அந்தக் காலத்து அரண்மனைப் பெண்ணால் அண்ணன்மாரைப் போல ரயில் ஏறி நாடு சுற்ற முடியுமா? அவர் பெயர் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஊட்டியில் பிறந்த பெரிய வேலை

1888இல் பரோடா மன்னர் ஊட்டிக்கு வந்திருந்தார். ரவிவர்மாவை அங்கே வரவழைத்து, தாம் புதிதாகக் கட்டிய லட்சுமி விலாஸ் அரண்மனைக்கு ராமாயணம், மகாபாரதம், புராணக் கதைகளிலிருந்து 14 ஓவியங்கள் வேண்டும் என்று கேட்டார்.

ரவிவர்மா உடனே தூரிகையை எடுக்கவில்லை. ஒரு கேள்வி அவரைக் குடைந்தது. தமயந்திக்கும் சீதைக்கும் என்ன உடை போடுவது? தமிழ்நாட்டில் ஒரு கட்டு, மராட்டியத்தில் ஒரு கட்டு, வங்கத்தில் ஒரு கட்டு, ராஜஸ்தானத்தில் பாவாடை. எந்த ஊர்க்காரர் பார்த்தாலும் இவள் நம்மவள் என்று நினைக்க வேண்டுமே! தம்பியை அழைத்துக்கொண்டு வட இந்தியா முழுவதும் சுற்றினார். கோயில், ஆற்றங்கரை, சந்தை என்று மக்கள் கூடும் இடங்களையெல்லாம் பார்த்தார். கடைசியில் தம் ஓவியங்களில் வரும் தேவியருக்கும் அரசியருக்கும் பெரும்பாலும் புடவையையே உடுத்தினார்.

அந்தச் சிறுமி கேட்ட கேள்விக்கு விடை இதுதான் குழந்தைகளே. ரவிவர்மா லட்சுமியை நேரில் பார்க்கவில்லை. நம் அம்மாக்களையும் அக்காக்களையும் பார்த்தார். தண்ணீர்க் குடம் தூக்கியவர்கள், வீணை வாசித்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்கள் எல்லோரையும் பார்த்தார். அவர்களிலிருந்துதான் லட்சுமியை உண்டாக்கினார்.

நளனும் தமயந்தியும், அரிச்சந்திரனும் சந்திரமதியும், விசுவாமித்திரரும் மேனகையும் துணியில் உயிர் பெற்றார்கள். 14 படங்களும் அரண்மனைக்குப் போகுமுன் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. கூட்டம் அலைமோதியது. அதுவரை கதையாகக் கேட்டவர்களைக் கண்ணெதிரே கண்டு மக்கள் நெகிழ்ந்து போனார்கள். படத்தின் பிரதி கிடைக்குமா என்று பலர் கேட்டார்கள்.

1893இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு அவருடைய பத்து ஓவியங்கள் போயின; பதக்கங்களும் கிடைத்தன. சுவாமி விவேகானந்தர் சிகாகோவில் பேசியதும் அதே ஆண்டுதான். ஆனால் ரவிவர்மா கடல் கடந்து போனதே இல்லை. அவருடைய படங்கள்தான் போயின.

கல்லில் பூத்த வண்ணங்கள்

பிரதி வேண்டும் என்று மக்கள் கேட்டது அவர் மனத்தில் நின்றது. பல ஆண்டுகளுக்கு முன்பே, 1884இல், மாதவராவும் இதைத்தான் சொல்லியிருந்தார். ஒரே ஆள் எத்தனை படம்தான் வரைய முடியும்? ஐரோப்பாவில் அச்சடிப்பது போல அச்சடித்தால் என்ன என்று யோசனை சொல்லியிருந்தார்.

1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களும் தொழில்நுட்பம் தெரிந்தவர்களும் வந்தார்கள். அச்சடிக்கப் பயன்பட்டது ஒருவகைச் சுண்ணாம்புக் கல். இதைத்தான் நம் சிவகாசிக்காரர்கள் லித்தோ என்பார்கள்.

அது எப்படி வேலை செய்யும் தெரியுமா? எண்ணெய் தடவிய இடத்தில் தண்ணீர் ஒட்டாது. தண்ணீர் உள்ள இடத்தில் எண்ணெய் ஒட்டாது. அடுக்களையில் நீங்களே பார்த்திருப்பீர்கள். வழுவழுப்பாகத் தேய்த்த கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை வரைவார்கள். பிறகு கல்லை ஈரமாக்குவார்கள். வரைந்த இடத்தில் ஈரம் ஒட்டாது. இப்போது எண்ணெய் கலந்த அச்சு மையை அதன் மேல் உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். அதன் மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் தாளுக்கு வந்துவிடும்.

ஒரு நிறத்துக்கு ஒரு கல். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று பல கற்கள் வேண்டும். ஒரே தாளை ஒவ்வொரு கல்லின் மேலும் வைத்து வைத்து எடுக்க வேண்டும். தாள் மயிரிழை நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்! அவ்வளவு பொறுமையான வேலை.

முதலில் அச்சானது சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம். பிறகு லட்சுமி, சரஸ்வதி, ராமர் என்று வரிசையாக வந்தன. அரண்மனையில் இருக்கும் ஓவியத்தை வாங்க ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். அச்சுப் படத்தைச் சாதாரணக் குடும்பமும் வாங்கலாம்.

இதில் இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிறந்த சாதியைக் காரணம் காட்டி, நம் நாட்டு மக்களில் எத்தனையோ பேரைக் கோயிலுக்குள்ளேயே விடவில்லை. வாசலுக்கு வெளியே, சில ஊர்களில் தெருவுக்கும் வெளியே நிற்க வேண்டியிருந்தது. என்ன கொடுமை பாருங்கள்! ஆனால் அச்சுப் படத்துக்குச் சாதி தெரியாது. யார் வாங்கினாலும் அவர் வீட்டுக்குப் போகும். கோயில் கதவு திறக்காதவர்களின் குடிசைக்குள்ளும் லட்சுமி போய் நின்றாள்.

கோயில் கதவு எப்போது திறந்தது? திருவிதாங்கூரில் 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி, எல்லாச் சாதி இந்துக்களும் அரசுக் கோயில்களுக்குள் வரலாம் என்று பிரகடனம் வெளியானது. அதற்காக எத்தனையோ பேர் பல ஆண்டுகள் போராடியிருந்தார்கள். பிரகடனத்தில் கையெழுத்திட்ட மன்னர் சித்திரைத் திருநாள் யார் தெரியுமா? ரவிவர்மாவின் கொள்ளுப் பேரன்! ரவிவர்மாவின் பேத்திகள் இருவரை 1900இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் தத்து எடுத்தது. அவர்களில் ஒருவரின் மகன்தான் அவர். நம் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் அந்தக் கதவு திறந்தது 1939இல்.

கையை விட்டுப் போன அச்சகம்

படங்கள் வீடு வீடாகப் போயின. அச்சகம் மட்டும் தலைநிமிரவில்லை. ரவிவர்மாவுக்குப் படம் வரையத் தெரிந்த அளவுக்கு வியாபாரம் தெரியவில்லை. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு ஓடினார்கள். தொழிலாளர்கள் கிடைக்கவில்லை. கடன் ஏறியது. 1899இல் அச்சகத்தை லோனாவாலாவுக்குப் பக்கத்தில் உள்ள மளவலி என்ற இடத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் சமாளிக்க முடியவில்லை. கடைசியில் அங்கே வேலை பார்த்த ஷ்லைகர் என்ற ஜெர்மானியருக்கே அதை விற்றுவிட்டார். படங்களை அச்சிடும் உரிமையும் சேர்ந்தே போயிற்று. அதன் பிறகும் அந்த அச்சகம் பல்லாண்டுகள் நடந்தது. 1972இல் ஏற்பட்ட தீ விபத்தில் எரிந்து போனது.

அந்த அச்சகத்தில் சில காலம் வேலை பார்த்த ஓர் இளைஞர் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றார். 1913இல் ராஜா ஹரிச்சந்திரா என்ற படத்தை எடுத்து இந்திய சினிமாவின் தந்தை என்று பெயர் வாங்கிய தாதாசாகிப் பால்கேதான் அவர்.

பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். ஏச்சும் வந்தது. இவர் ஐரோப்பியரைப் பார்த்து வரைகிறார், நம் நாட்டுப் பழைய ஓவிய மரபை மறந்துவிட்டார், இவருடைய தெய்வங்கள் நாடகத்தில் வேஷம் கட்டியவர்கள் போல இருக்கிறார்கள் என்று சிலர் குறை சொன்னார்கள். அந்த வாதம் இன்று வரைக்கும் முடியவில்லை. நீங்கள் பெரியவர்கள் ஆனதும் அஜந்தா ஓவியத்தையும் தஞ்சாவூர் ஓவியத்தையும் ரவிவர்மா ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நீங்களே முடிவு செய்யுங்கள்.

1904இல் ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் என்ற தங்கப் பதக்கம் கொடுத்தது. ராஜா என்று நாம் சொல்கிறோமே தவிர, அவர் எந்த நாட்டுக்கும் அரசர் இல்லை. ஆனாலும் அந்தப் பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. 1905இல் தம்பி ராஜராஜவர்மா நோயுற்று இறந்தார். இத்தனை ஆண்டுகளாகக் கூடவே நின்ற கை போய்விட்டது. ரவிவர்மா உடைந்து போனார். நீரிழிவு நோயும் அவரை வாட்டியது. அப்படியும் மைசூர் அரண்மனைக்கு ஒப்புக்கொண்ட ஓவியங்களை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளிமானூர் திரும்பினார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, கரித்துண்டால் கோடு போட்ட அதே ஊரில் கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 58.

கோவில்பட்டியில் தொடர்ந்த கதை

ரவிவர்மா போய்விட்டார். அவர் திறந்து வைத்த வழியில் வேறு பலர் நடந்தார்கள். நம் தமிழ்நாட்டில் அப்படி நடந்தவர் கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு. 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்து, பிறகு கோவில்பட்டியில் குடியேறினார். அவர் வரைந்த முருகனும் மீனாட்சியும் சரஸ்வதியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகி ஊர் ஊராகப் போயின. தம்மிடம் வந்த சீடர்களுக்குக் கலையைக் கற்றுக் கொடுத்துவிட்டு 1976இல் அவர் மறைந்தார். உங்கள் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் அவர் வரைந்த படம் ஒன்று இருந்தாலும் இருக்கும்.

இன்று ரவிவர்மாவின் ஓவியங்கள் நாட்டின் கலைச் செல்வங்கள். அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. புதன் கோளில் உள்ள ஒரு பெரும் பள்ளத்துக்கு 2013இல் வர்மா என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். கடல் கடந்து போகாதவரின் பெயர், வானத்தில் உள்ள கோள் வரை போய்விட்டது!

குழந்தைகளே, அன்று டீக்கடையில் கதை முடிவதற்கும் மேகம் கலைவதற்கும் சரியாக இருந்தது. கேள்வி கேட்ட சிறுமி ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு லட்சுமி வரைந்திருந்தாள். தலையில் குல்லாய், தோளில் கம்பளிச் சால்வை! வட்டக்கானல் குளிருக்கு லட்சுமிக்குக் குளிராதா டீச்சர் என்றாள். நன்றாகப் பார்த்தேன். அந்த முகத்தில் அவளுடைய அம்மாவின் சாடை இருந்தது.

கூடவே இரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பியையும் அழைத்து வந்திருந்தாள். அவனுக்குத் தாமரை வரையச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருக்கிறாளாம்.

வித்தையைப் பூட்டி வைத்தவர்களும் இருந்தார்கள். இரவோடு இரவாக வந்து கொடுத்துவிட்டுப் போனவரும் இருந்தார். நீங்கள் யாரைப் போல இருக்கப் போகிறீர்கள்? உங்களுக்குத் தெரிந்த ஒன்றை, ஒரு கணக்கோ ஒரு பாட்டோ ஒரு கோலமோ, இந்த வாரம் உங்களைவிடச் சின்னப் பிள்ளை ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். செய்வீர்கள்தானே?